சமயம், மெய்யியல், இலக்கியம், கலை, பொப்பிசை: மாணவர் கட்டுரை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பில், கல்லடியில் எங்கள் வீட்டு விறாந்தையில் பின்னேரங்களில் பிள்ளைகள் கட்டுரைகளோடு வந்து இருப்பார்கள். உயர்தரத்தில் இந்து நாகரிகம், இஸ்லாமிய நாகரிகம், தமிழ், நாடகமும் அரங்கியலும் படிப்பவர்கள் பாதிப்பேர். வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்திலிருந்தும் ஒலுவில் பல்கலைக்கழகத்திலிருந்தும் முதலாம் வருட ஒப்படையைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் மீதிப்பேர். வருடம் மாறினாலும் கேள்விகள் பெரிதாக மாறுவதில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்லி வந்ததை இங்கே சேர்த்து எழுதுகிறேன். வாழைச்சேனையிலோ பொத்துவிலிலோ இருந்துகொண்டு வரமுடியாத பிள்ளைக்கும் உதவட்டும்.

சேர், தலைப்பை எப்படித் தெரிவு செய்வது? எதை எடுத்தாலும் பெரிதாகவே இருக்கிறது.

பெரிதாக இருக்கிறதென்றால் அது இன்னும் தலைப்பாகவில்லை.

‘இந்துப் பண்பாட்டில் பெண் தெய்வ வழிபாடு’ என்று ஒரு மகள் எழுதிக்கொண்டு வந்தாள். கொற்றவை, துர்க்கை, காளி, மாரி என்று நாலு பக்கம். பிழை ஒன்றும் இல்லை. ஆனால் எல்லாம் வழிகாட்டி நூலில் இருப்பவை. வாசித்து முடித்துவிட்டு, "உங்கட ஊரில என்ன கோயில்?" என்று கேட்டேன். "கண்ணகி அம்மன் சேர். வைகாசியில மட்டும்தான் திறப்பாங்க" என்றாள். "ஏன் வைகாசியில மட்டும்?" கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "நான் அதைக் கேட்டதே இல்ல சேர்" என்றாள். அந்த நாலு பக்கத்தையும் மடித்து வைத்துவிட்டு அங்கிருந்தே தொடங்கினோம்.

காரைதீவு, தம்பிலுவில், செட்டிபாளையம் என்று எங்கள் கரை முழுக்கக் கண்ணகிக்குக் கோயில் இருக்கிறது. வைகாசியில் கதவு திறந்து, கண்ணகி வழக்குரை என்ற கதைப்பாடலைப் படித்து, கடைசியில் குளிர்த்தி பாடி முடிப்பார்கள். மதுரையை எரித்துவிட்டு வந்தவளின் கோபத்தைத் தணிப்பதுதான் குளிர்த்தி. அது வெயில் உச்சத்தில் நிற்கும் காலம். அம்மை நோயின் பயம் இருந்த காலத்திலிருந்து வந்த வழிபாடு. இந்த மூன்றும் ஒன்றோடொன்று எப்படிக் கோத்துக்கொள்கின்றன? அதுவே ஒரு கட்டுரை. இன்னொன்று: சிலப்பதிகாரத்தில் கண்ணகி மாநாய்கன் மகள். எங்கள் வழக்குரையிலோ அவள் மாங்கனியில் பிறக்கிறாள். இளங்கோ சொல்லாத இந்தப் பிறப்பு எங்கிருந்து வந்தது? சிங்கள மக்கள் பத்தினி தெய்யோ என்று வணங்குகிறவளின் கதையிலும் அந்த மாங்கனி வருகிறதே, அதற்கு என்ன பொருள்? கொம்பு விளையாட்டில் கோவலன் பக்கம், கண்ணகி பக்கம் என்று ஊரே இரண்டாகப் பிரிந்து, வளைந்த இரண்டு மரக்கொம்புகளைக் கொளுவி, ஒன்று முறியும்வரை இழுக்கிறது. அதில் வென்றவர் தோற்றவரைப் பார்த்து என்ன பாடுகிறார்கள்? இப்படி ஒரு கோயில் வாசலிலேயே நாலைந்து தலைப்பு கிடக்கிறது. அவள் மாங்கனியை எடுத்துக்கொண்டாள். ஆறு பக்கம் எழுதினாள். ஒரு வரிகூட இரவல் இல்லை.

ஆகவே ஒரு பெயர்ச்சொல்லைத் தலைப்பாக வைக்காதீர்கள். ஒரு கேள்வியை வையுங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் உங்களுக்கே தெரியாமல் இருந்தால் இன்னும் நல்லது.

தொடக்கம்தான் வருகுதில்லை. முதல் பந்தியில் என்ன எழுதுவது?

முதலில், என்ன எழுதக்கூடாது என்று சொல்கிறேன். ‘மீன்பாடும் தேன்நாடாம் மட்டக்களப்பு’ என்று தொடங்காதீர்கள். அந்தப் பெயரில் எனக்கு வெறுப்பில்லை, நான் பிறந்த மண்ணின் பெயர் அது. ஆனால் கட்டுரைக்குக் கட்டுரை அதையே வாசித்து வாசித்து, அந்த நாலு சொல்லிலிருந்து மீனும் போய்விட்டது, பாட்டும் போய்விட்டது.

அந்த மீன் பாடுவதை நீங்கள் கேட்டிருக்கிறீர்களா? நிலவு காலத்தில், காற்றில்லாத இரவில், கல்லடிப் பாலத்துப் பக்கம் தோணியில் போய், துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீருக்குள் விட்டு மறுநுனியைக் காதில் வைத்துக் கேட்கவேண்டும். 1848 இல் இங்கே வந்த பிரித்தானிய அதிகாரி எமர்சன் டெனன்ட் அந்த ஒலியைக் கேட்டுவிட்டு எழுதி வைத்திருக்கிறார். நரம்புக் கருவியின் மெல்லிய அதிர்வு போலவும், ஈரவிரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்க்கும்போது எழும் ஒலி போலவும் இருந்ததாம். மீனவர்கள் அது ஊரி என்ற சங்கினத்தின் ஒலி என்று அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். மீனா ஊரியா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. ஈரவிரல், கண்ணாடி விளிம்பு என்ற இரண்டு சொல்லில் அந்த அந்நியர் காட்டியதை, வாவிக்கரையில் பிறந்த நாங்கள் ஏன் ‘தேன்நாடு’ என்று சொல்லிவிட்டுக் கடந்து போகவேண்டும்?

நீங்கள் கண்ட, கேட்ட, தொட்ட ஒன்றிலிருந்து தொடங்குங்கள். மூன்று வரி போதும். அதற்கடுத்த வரியில் கேள்வி வரட்டும். வரைவிலக்கணங்கள் எல்லாம் இரண்டாம் பந்திக்குப் பிறகு வந்தால் போதும்.

என் சமயத்தைப் பற்றி எழுதும்போது பக்தியை ஒதுக்கி வைக்கவேண்டுமா? மற்றவர் சமயத்தைப் பற்றி எழுதலாமா?

பக்தியை ஒதுக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. கும்பிடுகிறவருக்குத் தெரிவது கும்பிடாதவருக்குத் தெரியாது. ஆனால் கட்டுரையை வாசிப்பவர் உங்கள் கோயிலுக்கு வந்து உங்களோடு கும்பிட நிற்கவில்லை, விளங்கிக்கொள்ள வந்திருக்கிறார். ‘இத்தலத்தின் மகிமையைச் சொல்லில் அடக்கமுடியாது’ என்று எழுதினால் அவருக்கு அங்கே கதவு சாத்தப்படுகிறது. மண்டூர் முருகன் கோயிலில் வாயைக் கட்டிக்கொண்டு கப்புகனார் என்ற பூசகர் பூசை செய்வார், அங்கே மந்திரம் கேட்காது என்று எழுதுங்கள். மகிமையை அவரே உணர்ந்துகொள்வார்.

மற்றவர் சமயத்தைப் பற்றிக் கட்டாயம் எழுதுங்கள். கோயில் மணியும் பாங்கும் ஒரே காற்றில் வரும் ஊர்களில் வாழ்ந்துகொண்டு அடுத்த வேலிக்கு அப்பால் என்ன நடக்கிறதென்று தெரியாமல் இருப்பது பெரிய நட்டம். ஆனால் சொல்லில் கவனம் வேண்டும். கல்முனைக் கடற்கரைப் பள்ளிவாசலின் கொடியேற்றம் பற்றி ஒரு மகன் எழுதினான். நாகூரில் அடங்கியிருக்கும் சாகுல் ஹமீது ஒலியுல்லாவின் நினைவாக நடப்பது அது. ‘மக்கள் அவரை வணங்குகிறார்கள்’ என்று எழுதியிருந்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்த மருதமுனைப் பிள்ளையிடம் கட்டுரையைக் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். அவள் அந்த ‘வணங்குகிறார்கள்’ என்ற சொல்லின் மேல் மெதுவாகக் கோடு போட்டாள். "வணக்கம் அல்லாஹ்வுக்கு மட்டும்தான். அங்க நாங்க சியாரத் செய்யிற, துஆக் கேக்கிற" என்றாள். சியாரத் என்றால் பெரியார் ஒருவரின் நினைவிடத்துக்குப் போய்வருவது, துஆ என்றால் பிரார்த்தனை. இந்த வழக்கமே கூடாது என்று சொல்லும் முஸ்லிம்களும் இருக்கிறார்கள் என்பதையும் அவளே சொன்னாள். ஒரு சொல்லைத் திருத்தப் போய், அவனுடைய கட்டுரைக்குப் புதிதாக ஒரு பகுதியே கிடைத்துவிட்டது.

இந்த முறை நான் கண்டுபிடித்ததில்லை. சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரை எடுத்துப் பாருங்கள். அருணந்தி சிவாசாரியார் பரபக்கம், சுபக்கம் என்று நூலை இரண்டாக வகுத்திருக்கிறார். பரபக்கத்தில் உலோகாயதம் தொடங்கிப் பாஞ்சராத்திரம்வரை 14 மதங்கள் வருகின்றன. ஒவ்வொன்றையும் முதலில் அந்த மதத்தார் வாயாலேயே சொல்லவைத்து, அதன் பிறகுதான் மறுக்கிறார். தன் கட்சியைச் சொல்வதற்கு முன் பிறர் கட்சிக்கு அவ்வளவு இடம் கொடுத்த மரபு எங்களுடையது. ஆகவே உங்கள் கட்டுரையை அந்தச் சமயத்து நண்பர் ஒருவருக்கு வாசிக்கக் கொடுங்கள். ‘ஓம், நாங்கள் சொல்வது இதுதான்’ என்று அவர் சொல்லும்வரை திருத்துங்கள். அதன் பிறகு உங்கள் கருத்தைத் தாராளமாகச் சொல்லலாம்.

மெய்யியல் கட்டுரையில் நான் சொந்தமாக என்ன சொல்லிவிட முடியும்? பெரிய பெரிய ஞானிகள் எல்லாம் சொல்லி முடித்துவிட்டார்களே.

சொல்லி முடிக்கவில்லை. உவமையில் கை வைத்துப் பாருங்கள், தெரியும்.

சைவ சித்தாந்தத்தில் மும்மலத்துக்கு, அதாவது உயிரைப் பற்றியிருக்கும் மூன்று அழுக்குக்கு, நெல்லை உவமை சொல்வார்கள். நெல்லோடு உமியும் தவிடும் முளையும் எப்போது வந்து சேர்ந்தன என்று கேட்கமுடியாது. நெல் இருந்த அன்றே அவையும் இருந்தன. அதுபோல ஆணவமும் மாயையும் கன்மமும் ஆன்மாவோடு அநாதியாகவே இருக்கின்றன. இதை எல்லாப் பிள்ளைகளும் மனப்பாடமாக எழுதுவார்கள். அக்கரைப்பற்றுப் பக்கத்து வேளாண்மைக் குடும்பத்துப் பையன் ஒருவன் மட்டும் எழுதாமல் யோசித்துக்கொண்டிருந்தான். என்னவென்று கேட்டேன். "சேர், குத்தின அரிசி முளைக்காது. அப்ப மலம் போன உயிர் திரும்பப் பிறக்காது எண்டுறது சரியாத்தான் வருது. ஆனா உமி நெல்லோட கூடப் பிறந்தது. அது போன பிறகு மிஞ்சிறது நெல்லா?" என்றான்.

வாய்க்காலில் தண்ணீர் கட்டி, சூடு மிதித்து, நெல்லைக் கையில் அள்ளிப் பார்த்த பிள்ளைக்குத்தான் அந்தக் கேள்வி வரும். இது சின்னக் கேள்வியில்லை. கூடவே இருந்த ஒன்று நீங்கினால் அந்தப் பொருள் அதே பொருளாக இருக்கிறதா என்பது மெய்யியலில் மிகப் பழைய சிக்கல். செம்பில் களிம்பு என்ற மற்ற உவமையையும் அவனிடம் எடுத்துக் கொடுத்தேன். புளி போட்டுத் துலக்கிய செம்பில் நாலு நாளில் மறுபடி களிம்பு ஏறிவிடுகிறது. அப்படியென்றால் முத்தி பெற்றவனுக்கும் மலம் திரும்புமா? இந்த இடரைப் பழையவர்களும் கண்டிருக்கிறார்கள். சித்தியார் இரசகுளிகை என்ற பாதரச மாத்திரையைக் கொண்டுவருவது இதற்குத்தான். குளிகை பட்ட செம்பு பொன்னாகிவிடும். பொன்னில் களிம்பு ஏறாது. ஒரு உவமை விட்ட ஓட்டையை இன்னொரு உவமை அடைக்கிறது. அந்த அடைப்பு நிற்கிறதா, ஒழுகுகிறதா என்று பார்ப்பதுதான் உங்கள் வேலை.

வாதத்தைக் கட்டும் முறைக்கு மணிமேகலையைப் பாருங்கள். அறவண அடிகள் தர்க்கம் சொல்லிக்கொடுக்கும் இடத்தில் பக்கம், ஏது, திட்டாந்தம் என்று வரும். இந்த மலையில் நெருப்பு உண்டு என்பது பக்கம். புகை இருப்பதால் என்பது ஏது. அடுக்களையைப் போல என்பது திட்டாந்தம். உங்கள் கட்டுரையின் ஒவ்வொரு பந்தியையும் இந்த மூன்றாலும் தட்டிப் பாருங்கள். எங்கள் கட்டுரைகளில் பக்கம் நிறைய இருக்கும். ஏதுதான் இருக்காது.

இலக்கியக் கட்டுரையில் கதைச் சுருக்கம் எழுதக்கூடாதா?

மூன்று வரிக்கு மேல் வேண்டாம். ஆசிரியர் அதை வாசித்திருப்பார். நீங்கள் எந்தச் சொல்லில் நின்றுவிட்டீர்கள் என்பதைத்தான் அவர் தெரிந்துகொள்ள விரும்புகிறார்.

கவிஞர் நீலாவணனின் ‘வேளாண்மை’ காவியத்தை எடுத்தால், கல்முனைப் பக்கத்து வயலும் வாழ்வும் அதில் இருக்கிறது என்று எழுதிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். போடியார், முல்லைக்காரன், வட்டை, சூடு, களவெட்டி என்ற எங்கள் வயற்சொற்கள் ஒரு காவியத்துக்குள் வரும்போது என்ன ஆகிறது என்று பாருங்கள். யாழ்ப்பாணத்தில் வாசிப்பவருக்கும் தமிழ்நாட்டில் வாசிப்பவருக்கும் விளக்கம் சொல்லவேண்டிய சொல் அது; உங்களுக்கு அப்பப்பாவின் வாயிலிருந்து வந்தது. கட்டுரையில் அந்த வாய்ப்பை விட்டுவிடாதீர்கள். பேச்சுச் சொல்லை எழுதலாமா என்று அடிக்கடி கேட்கிறீர்கள். மேற்கோளிலும், விளக்கத்துக்கு எடுத்த சொல்லிலும் எழுதலாம். உங்கள் சொந்த வசனத்தில் ‘பிறகு’ என்பதற்கு ‘மறுகா’ என்று எழுதினால் பரீட்சையில் புள்ளியை வெட்டுவார்கள். வீட்டில் யாரும் வெட்டமாட்டார்கள்.

கூத்துப் பற்றி எழுதவேண்டும். வடமோடி, தென்மோடி என்ற இரண்டு ஆட்டமுறைகளின் வேறுபாட்டைத் தவிர என்ன இருக்கிறது?

அந்த வேறுபாட்டு அட்டவணையை நானும் நூறு தடவை வாசித்துவிட்டேன். வடமோடியில் ஆட்டம் மிடுக்கு, உடுப்புப் பாரம், போர்க்கதை. தென்மோடியில் பாட்டு இழுப்பு, உடுப்பு இலகு. சரி. அதற்கு அப்புறம்தான் கூத்து தொடங்குகிறது.

முதலில் ஒரு கூத்தை விடியும்வரை இருந்து பாருங்கள். கைத்தொலைபேசியில் பத்து நிமிடத் துண்டைப் பார்த்துவிட்டு எழுதக்கூடாது. வட்டக்களரியில், அதாவது வட்டமான ஆடுகளத்தில், நாலு பக்கமும் ஆட்கள் இருப்பார்கள். நடுவில் கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் மத்தளத்தோடு நிற்பார். சல்லரி சொல்லும் தாளம், ஏட்டைப் பார்த்துப் பாட்டு எடுத்துக் கொடுப்பவர், பின்னால் பிற்பாட்டு. ராசா வரவு. ஆடுகிறவன் காலைப் பாருங்கள். வரவில் அவன் பாடமாட்டான். தாளக்கட்டுக்கு ஆடி ஆடித்தான் தன்னை யாரென்று சொல்லுவான். அவன் எந்த இடத்தில் மூச்சு வாங்குகிறான், அந்த நேரத்தில் பிற்பாட்டுக்காரர் எப்படி வரியைத் திருப்பிப் பாடி அவனுக்கு மூச்சுக்கு இடம் கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். சாமம் கடந்து பாதிச் சனம் பாயில் சாய்ந்திருக்கும். சின்னப்பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள். ஆனால் அபிமன்யு சாகும் இடத்துக்குத் தாய்மார் எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். அவர்களுக்கு அந்த இடம் எப்போது வரும் என்று தெரியும். ஏன் தெரியும்? பல வாரமாக ஊரில் பழகியதை மாலைக்கு மாலை கேட்டவர்கள். சதங்கை அணியும் நாளுக்குப் போனவர்கள். ஆடுகிறவன் மருமகன், தம்பி, பக்கத்துவீட்டுப் பையன். இதையெல்லாம் அட்டவணையில் எழுதமுடியாது.

கேள்வி வேண்டுமென்றால் பெரிய கேள்வி ஒன்று உங்கள் முன் இருக்கிறது. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மட்டக்களப்புக் கூத்தை எடுத்து, விடியவிடிய ஆடுவதைச் சுருக்கி, வட்டக்களரியிலிருந்து படச்சட்ட மேடைக்குக் கொண்டுபோனார். கர்ணன் போர், நொண்டி நாடகம், இராவணேசன், வாலிவதை எல்லாம் அப்படி வந்தவை. மட்டக்களப்பைச் சேர்ந்த சி. மௌனகுரு இராவணனாக ஆடியதும், பின்னர் மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களை ஆய்வு செய்ததும் அந்த வழியில் வந்ததே. அந்த முயற்சியால் நாடு முழுவதும் கூத்துக்கு மதிப்பு வந்தது. அதேநேரம் நாலு பக்கமும் இருந்த ஊர் ஒரு பக்கத்துக்கு வந்து, காசு கொடுத்து இருக்கும் பார்வையாளராகிவிட்டது என்று கவலைப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். கூத்தை ஊருக்குள்ளேயே, ஊராரைக் கொண்டே புதுப்பிக்கவேண்டும் என்பது அவர்கள் பக்கம். என் மனம் அந்தப் பக்கமே கொஞ்சம் சாய்கிறது. ஆனால் பேராதனை மேடை இல்லாவிட்டால் இன்று எந்தப் பல்கலைக்கழகத்தில் கூத்தைப் படித்திருப்போம் என்றும் யோசிக்கிறேன். நீங்கள் இரண்டு பக்கத்தையும் போய்ப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

பொப்பிசை, பைலா ஆட்டப்பாட்டு, சினிமாப் பாட்டுப் பற்றி எழுதினால் ‘இதென்ன கட்டுரை’ என்று சொல்லமாட்டார்களா?

சிலர் சொல்லுவார்கள். அதற்காக விடவேண்டாம். காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் இசையை எப்படி எடுத்துக்கொண்டார் என்று பாருங்கள். மறைந்துபோன யாழை, நரம்பின் நீளத்தையும் சுருதியின் கணக்கையும் கொண்டு வருடக்கணக்காக ஆராய்ந்து யாழ்நூல் ஆக்கினார். 1947 இல் அது அரங்கேறியது. அடுத்த மாதமே அவர் போய்விட்டார். இசையைப் பற்றிப் பேசும்போது ‘தேனினும் இனிய’ என்பதோடு நின்றுவிடாமல் எண்ணிக் கணக்குப் பார்க்கவேண்டும் என்று காட்டிய மனிதர் எங்கள் ஊர்க்காரர். அந்தக் கவனத்தைப் பைலாவுக்கும் கொடுக்கலாம்.

மேசையில் விரலால் தட்டிப் பாருங்கள். ஆறு எண்ணிக்கை, மூன்று மூன்றாகப் பிரிந்து ஊஞ்சல் மாதிரிப் போகும். பைலாவின் உயிர் அதுதான். அந்தத் தாளம் எங்கிருந்து வந்தது என்று தேடப் போனால் புளியந்தீவுக் கோட்டைக்கு வந்து சேர்வீர்கள். போர்த்துக்கேயர் 1628 இல் கட்டியது. பத்து வருடத்தில் ஒல்லாந்தர் பிடித்துவிட்டார்கள். போர்த்துக்கேயர் போய் நூற்றாண்டுகள் ஆகியும் மட்டக்களப்புப் பறங்கியர் வீடுகளில் போர்த்துக்கேயக் கலப்புமொழி இன்னும் பேசப்படுகிறது. அவர்கள் கலியாண வீடுகளில் வயலினோடு கப்ரிஞ்ஞா ஆடும்போது கேட்பதும் அதே ஊஞ்சல் தாளம். 1960களின் பிற்பகுதியிலும் 70களிலும் நித்தி கனகரத்தினமும் ஏ.ஈ. மனோகரனும் தமிழில் பொப்பிசை பாடியபோது அந்தத் தாளம் தமிழ்ச் சொற்களுக்குள் வந்தது. ஒரு கட்டுரைக்கு இது போதாதா? தமிழ்ச் சொல்லின் குறில் நெடில் அந்த ஆறு எண்ணிக்கைக்குள் எப்படி வளைகிறது, எந்த இடத்தில் பாடகர் நெடிலைக் குறுக்குகிறார் என்று ஒரு பாட்டை மட்டும் எடுத்து, ஐந்து தடவை கேட்டு, பென்சிலால் குறித்துக்கொண்டு எழுதுங்கள்.

பாட்டின் வரிகளை மட்டும் எழுதிக் கருத்துச் சொல்வது பாட்டுப் பற்றிய கட்டுரை ஆகாது. எங்கள் முஸ்லிம் ஊர்களின் நாட்டார் கவிக்கும் இதுவே பொருந்தும். அந்தக் கவி அச்சில் நாலு அடியாக அமைதியாகக் கிடக்கும். மூத்தம்மா ஒருவர் வாயால் கேட்டால், மூன்றாம் அடியில் குரல் எங்கே ஏறி எங்கே நிற்கிறது என்று தெரியும்.

அண்ணாவியார், மூத்தவர்களைச் சந்திக்கப் போனால் எப்படிப் பேசுவது?

வினாக்கொத்தை முகத்துக்கு நேரே நீட்டவேண்டாம். வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு போங்கள். முதல் நாள் பேச்சு மட்டும். பதிவு செய்யவேண்டுமென்றால் கேட்டுவிட்டு, போனை அவருக்குத் தெரியும்படி முன்னால் வையுங்கள். எழுதி முடித்ததும் அவர் சொன்ன பகுதியை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நான் மாணவனாக இருந்தபோது ஒரு முதியவரிடம் மூன்று பின்னேரம் இருந்து வசந்தன் பாட்டுக்களைக் கேட்டு எழுதினேன். கட்டுரையில் ‘வாய்மொழியாகக் கிடைத்தவை’ என்று போட்டேன். அவருடைய பெயரைப் போடவில்லை. நூலுக்கு மட்டும்தான் பெயர் போடவேண்டும் என்று அன்று நினைத்திருந்தேன். கட்டுரை ஒரு மலரில் அச்சாகியது. கொண்டுபோய்க் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலிலிருந்து கடைசிவரை விரலை ஓட்டி ஓட்டிப் பார்த்தார். எதைத் தேடுகிறார் என்று எனக்கு விளங்கிய நேரத்தில் அவர் மலரை மடித்து என் கையில் தந்துவிட்டார். ஒரு சொல்லும் சொல்லவில்லை. தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகச் சொன்னார். அவர் காலமாகிப் பல வருடம். அந்த விரல் ஓடியது இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. பெயரைப் போடுங்கள் பிள்ளைகள். அவர் சம்மதித்தால் ஊரையும் போடுங்கள்.

நூல்கள் எங்கே கிடைக்கும்?

நூலகம் இணையத்தளத்தில் இலங்கைத் தமிழ் நூல்களும் பழைய சஞ்சிகைகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. முதலில் அங்கே தேடுங்கள். வி.சீ. கந்தையாவின் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ 1964 இல் வந்தது. ஊர், கோயில், கவி, கூத்து எல்லாவற்றுக்கும் நல்ல வாசல். ஆனால் அறுபது வருடத்துக்கு முந்திய நூல் என்பதை மறக்காமல், அவர் எழுதியது இன்றும் அப்படியே நடக்கிறதா என்று ஊரில் போய்ப் பாருங்கள். மாறியிருந்தால் அந்த மாற்றமே உங்களுக்குத் தலைப்பு. கோயில் கும்பாபிசேக மலர்களையும் பள்ளிவாசல் மலர்களையும் வீட்டு அலுமாரியில் தேடுங்கள். நூலகத்தில் இல்லாதது அங்கே இருக்கும்.

செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு எழுதலாமா?

எழுத்துப்பிழை பார்க்கவும், விளங்காத ஒரு கருத்தைத் திருப்பிக் கேட்கவும் பாவிக்கலாம். கட்டுரையை எழுதி வாங்கவேண்டாம். போன வருடம் ஒருவர் கொண்டுவந்ததில் விபுலாநந்தர் யாழ்ப்பாணத்துக் காரைதீவில் பிறந்தார் என்று இருந்தது. குழப்பம் எங்கே வந்ததென்று தேடினோம். யாழ்ப்பாணத்துக் காரைநகருக்கும் முன்பு காரைதீவு என்றுதான் பெயர். எங்களுடையது கல்முனைக்குத் தெற்கே, அம்பாறை மாவட்டத்தில். அந்த வரியை எழுதிவந்த பிள்ளையின் வீடு காரைதீவிலிருந்து சைக்கிளில் போகும் தூரம். விபுலாநந்தர் மணிமண்டபத்தைத் தினமும் கடந்துதான் வகுப்புக்குப் போகிறான். வாசித்துப் பார்க்காமலே அச்செடுத்திருக்கிறான். எனக்குக் கோபத்தைவிட வருத்தம்தான் வந்தது. அவனுக்குத் தெரிந்த ஒன்றை, தெரியாத ஒன்று அவனிடமிருந்து எடுத்துக்கொண்டு போய்விட்டது.

எத்தனை பக்கம் எழுதவேண்டும்?

கேட்ட அளவு. உயர்தரப் பரீட்சையில் நேரம்தான் அளவு. வீட்டில் எழுதும் ஒப்படையில் முதலில் நீளமாக எழுதி, பிறகு உரத்து வாசித்து, நாக்கு தடக்கும் இடங்களை வெட்டுங்கள்.

முடிவுரையை எப்படி எழுதுவது?

‘எனவே மேற்கூறியவற்றிலிருந்து’ என்று தொடங்கி, சொன்னதையே திரும்பச் சொல்லவேண்டாம். கேட்ட கேள்விக்கு எவ்வளவு தூரம் பதில் கிடைத்தது என்று எழுதுங்கள். கிடைக்காமல் மிஞ்சியதையும் எழுதலாம், அது குறையில்லை.

நெல்லைப் பற்றிக் கேட்ட அந்தப் பையன் கடைசியில் தன் கட்டுரையை எழுதிக்கொண்டு வந்தான். ஏழு பக்கம். களிம்பையும் குளிகையையும் தட்டிப் பார்த்திருந்தான். குளிகை உவமை தனக்குத் திருப்தி தரவில்லை, ஏனென்றால் பொன்னான பிறகு அதைச் செம்பு என்று எப்படிச் சொல்வது என்று எழுதியிருந்தான். கடைசிப் பந்தி மூன்றே வரி. உமி நீங்கியதை நாங்கள் நெல் என்று சொல்வதில்லை, அரிசி என்கிறோம். பாசம் என்ற கட்டு இருப்பதால்தான் உயிருக்குப் பசு என்று பெயர் வந்தது. பாசம் நீங்கிய பிறகு அதை எந்தப் பெயரால் கூப்பிடுவது?

அதற்குக் கீழே அவன் ஒன்றும் எழுதவில்லை. நானும் சிவப்புப் பேனையால் ஒன்றும் எழுதாமல், அந்தக் கேள்வியை என் கொப்பியில் எடுத்து எழுதிக்கொண்டேன்.